நிலக்கரி வளைவுக்குக் கீழே ஜேபஸ்

என் வீட்டுக்காரர் ஜேபஸ் டாங்க்ஸ் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை வெளியே சொன்னால் நெதர்ஸ்டன் ஊரில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவரோடு இருபத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். தெருவில் ஒரு குதிரை மிரண்டால் முதலில் கதவுக்குப் பின்னால் போய் நிற்பது அவர்தான். பட்டறையில் நான் இடுக்கியைக் கைதவறிப் போட்டால், வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

அந்தப் பயம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. சுரங்கத்தில் அவருக்கு முட்டுக் கொடுக்கிற வேலை. கரி வெட்டுகிறவர்கள் முன்னால் போகப் போக, இவர் பின்னாலேயே போய், தலைக்கு மேலே நிற்கும் பாறை இறங்கிவிடாமல் மரங்களை நிறுத்த வேண்டும். பயம் இல்லாதவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. கம்பால் கூரையைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். கணீரென்று வந்தால் சரி. ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி மொத்தென்று வந்தால் உள்ளே பிளந்துவிட்டது என்று அர்த்தம். "பேசுது" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது ஆள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர் முட்டுக் கொடுத்த இடத்தில் பதினாறு வருஷத்தில் ஒருவன்கூட நசுங்கவில்லை.

நான் ஆணி அடிக்கிறவள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் தொழில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. ஒரே உலை, இரண்டு அடிகல். எனக்கு எதிரே நின்று அடிப்பவள் பக்கத்து வீட்டு ரோடா பியூ. நான் சொல்லப்போகிற விழாவுக்கு இரண்டு வருஷம் முன்பு அவள் புருஷன் சுரங்கக் குழிக்குள் விஷக் காற்றில் போய்விட்டான். அவளுக்கு லெட்டி என்று ஒரே பெண். எனக்கு மூன்று பிறந்து ஒன்று தங்கியது. அவள்தான் கெசையா. இரண்டு பெண்களுக்கும் அப்போது பத்து வயது.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தோராம் வருஷம் மே மாதம், புதுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவைக்க ஒரு இளவரசி வரப்போகிறார் என்று சொன்னார்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்ததைவிட இளவரசி வருவதுதான் பெரிய விஷயமாகிவிட்டது. தெருவுக்குத் தெரு சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் அடிக்கவில்லை. நீளமாக ஒரு துணியைக் கட்டி மறைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தொழில்காரரும் ஒரு வரவேற்பு வளைவு கட்ட வேண்டும் என்று கமிட்டி சொன்னது. இரும்பாலைக்காரர்கள் குழாய்களை அடுக்கி ஒன்று செய்தார்கள். எங்கள் சுரங்க முதலாளிக்கு அதைவிடப் பெரிதாக வேண்டும். முழுக்க முழுக்கக் கரியால், முப்பது அடி உயரத்தில். உச்சியில் ஒரு மேடை. அதில் வெள்ளை உடுப்பும் நீல நாடாவுமாகப் பன்னிரண்டு சிறுமிகள் நின்று பாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடுகிற பெண்களில் பொறுக்கி எடுத்தார்கள். கெசையாவும் இருந்தாள். வளைவைத் தாங்கும் இரண்டு கால்களில் தெற்குக் காலுக்கு நேர் மேலே, ஓரத்திலிருந்து மூன்றாவது இடம்.

வளைவைக் கட்டும் பொறுப்பு மேஸ்திரி ஓபேத் ஃபெல்லோஸ் கையில் வந்தது. குழியில் ஆளை எடுப்பதும் தள்ளுவதும் அவன்தான். வெளியே குவித்துக் கிடந்த பழைய கரி சாம்பல் பூத்துப் போயிருந்தது. மேஸ்திரிக்குப் பளபளப்பு வேண்டும். ஜேபஸ்தான், "கீழ மூணாம் தளத்துல ஈரக் கரி இருக்கு மேஸ்திரி, கண்ணாடி கணக்கா இருக்கும்," என்றார். அதையே வெட்டி மேலே கொண்டுவந்தார்கள். மேடையைச் சுமந்து வழிக்குக் குறுக்கே கிடக்கும் உத்தரத்தைத் தாங்க உள்ளே மரச்சட்டம் வேண்டாமா என்று ஒரு தச்சர் கேட்டதற்கும் ஜேபஸ்தான் பதில் சொன்னார்.

"கீழ மலையையே தாங்குற கரிய்யா இது. மேல பன்னெண்டு பொண்ணுங்களைத் தாங்காதா?"

தச்சரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அதில் தப்பு இருப்பதாகக் குழிக்காரன் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் கரியையே தூணாக விட்டுவிட்டு மற்றதை வெட்டுவது வழக்கம். அந்தத் தூண்கள் பாட்டன் காலத்திலிருந்து நிற்கின்றன. ஆனால் அவை நிற்பது இருட்டிலும் ஈரத்திலும். சூரியனைப் பார்க்காத கரியை மேலே கொண்டுவந்து பத்து நாள் வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவனும் யோசிக்கவில்லை. அவர்கள் வெட்டியதோடு சரி. மேலே வந்த கரியைக் காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது நாங்கள், பெண்கள்.

அதனால்தான் என் கண்ணில் முதலில் பட்டது. விழாவுக்கு மூன்று நாள் முன்பு, பாதையைக் கூட்டச் சொல்லிப் பெண்களை அனுப்பினார்கள். காலையில் தெற்குக் காலடியைச் சுத்தமாகக் கூட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தால் மீன் செதில் மாதிரிக் கறுப்புச் சில்லுகள் ஒரு முறம் கிடக்கின்றன. என் உலைக்கு வாங்கிய ஈரக் கரி, வெயிலில் கிடந்தால் கையிலேயே பொடிந்துபோவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜேபசுக்குக் கோபம் வந்தது.

"ஆணி அடிக்கிறவ கரியைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரல. கூட்டி அள்ளினதைச் சொல்றேன். நாளைக்கு நீயே போய்த் தட்டிப் பாருய்யா. அதுல உனக்கென்ன நஷ்டம்?"

மறுநாள் மத்தியானம் எல்லோரும் ரொட்டியும் வெங்காயமும் தின்னப் போன சமயத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. தட்டில் பட்டாணியும் பன்றிக் கறியும் வைத்தேன். கரண்டியை எடுக்கவில்லை.

"ஓட்டைப் பானைடி," என்றார். "தெற்குக் கால் முழுக்க. வடக்கு பரவாயில்ல."

மேஸ்திரியிடம் அவர் ஏற்கெனவே போய்விட்டு வந்திருந்தார். அங்கே நடந்ததை அப்படியே சொன்னார்.

"மேஸ்திரி, தெற்குக் கால் கெட்டுப்போச்சு."

"கெட்டுப்போறதுக்கு அது என்னடா, நேத்து வாங்கின மீனா?"

"தட்டினா சத்தம் சரியில்ல. உத்தரத்துக்குக் கீழ நாலு முட்டுக் கொடுத்துட்டா..."

"படம் எடுக்கப் போறாங்கடா! கரி வளைவுக்குக் கீழ மரக்கட்டையா நட்டு வெச்சா முதலாளி மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு? அது சரி, கரியே தாங்கும்னு சொன்ன மகராசன் யாரு?"

"நான்தான்."

"அப்ப பொத்திக்கிட்டுப் போ. இதை இன்னொருத்தன் காதுல போட்டே, இந்த ஊர்ல எந்தக் குழியிலயும் உனக்கு எறங்க எடம் கெடையாது. நீ குடியிருக்கிற வீடு யாரோடதுன்னும் ஞாபகத்துல வெச்சுக்க."

படம் எடுக்கப் போகிற லாம்பர்ட் என்ற மனிதரை நாங்கள் ஒத்திகையில் பார்த்திருந்தோம். வளைவுக்கு எதிரே மேடை போட்டு, மூன்று கால் வைத்த பெட்டியையும் கறுப்புத் துணியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இளவரசியின் வண்டி வளைவுக்கு நேர் கீழே வந்து நிற்கும். லாம்பர்ட் கையைத் தூக்குவார். பத்து எண்ணும்வரை ஒருவரும் அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் முகம் அழிந்துவிடும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பத்து எண்ணிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கமிட்டிக்காரங்ககிட்டப் போய்ச் சொல்லுய்யா."

"மேஸ்திரியைத் தாண்டியா? அவங்க அவனைக் கூப்பிட்டுத்தான் கேப்பாங்க. அவன் இல்லேம்பான். சாயங்காலமே நம்ம சாமான் தெருவுல கெடக்கும்."

"பொண்ணு மேல நிக்கப் போறாய்யா!"

"எனக்குத் தெரியாதா?" என்றார். "ஒரு முட்டு அளந்து அறுத்து வெச்சிருக்கேன். வளைவுக்குப் பின்னாடி கொடித்துணிக்குள்ள கெடக்கு. பேச ஆரம்பிச்சா எடுத்துட்டு ஓடிப் போய் நிறுத்திடுவேன்."

"பேசினப்புறமா? முன்னாடியே வெச்சா என்ன?"

"புடுங்கி எறிஞ்சுடுவாங்கடி."

"அப்ப பொண்ணை அனுப்ப வேண்டாம். காய்ச்சல்னு சொல்லிடறேன்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அவ நிக்கலேன்னா அந்த எடம் சும்மா இருக்குமா ஃபீனா?" என்றார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பெண்ணை அனுப்ப நான் சம்மதித்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

விழா அன்று காலை ஆறு மணிக்கே குழிக்காரர்களை வெள்ளைச் சட்டை போட்டு வரச்சொல்லியிருந்தார்கள், வளைவு ஓரம் வரிசையாக நிற்பதற்கு. ஜேபஸ் கிளம்பும்போது, தூங்கிக்கொண்டிருந்த பெண்ணின் காலை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினதும் உள்ளே வந்து கெசையாவை எழுப்பி, அவள் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா!"

"இருக்கு. தொண்டை புண்ணு. வாயைத் தொறந்தே, தோலை உரிச்சுடுவேன்."

அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று வாரம் பாடிப் பாடிப் பழகியவள். நான் மனம் இளகவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளுக்கு இளகுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

எட்டு மணிக்குப் பள்ளி ஆசிரியை வந்தார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப நான் யாரைத் தேடுவேன்?" அப்போதுதான் ரோடா பட்டறைப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சரம்மா, எங்க லெட்டிக்கு அத்தனை பாட்டும் தெரியும். கெசையாகூடச் சேர்ந்து பாடிப் பாடி எல்லாம் மனப்பாடம். அக்கா, அந்த உடுப்பு அவளுக்குச் சரியா இருக்கும் இல்ல?"

சரியாக இருந்தது. நானே போட்டுவிட்டேன். முதுகுப் பக்கம் பதினொரு பொத்தான். ஒவ்வொன்றாகப் போடும்போதும், "போகாதே" என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பொத்தான் போட்டதும் அடுத்த பொத்தானில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பதினொன்றும் முடிந்துவிட்டது. சொன்னால் என் பெண்ணுக்குத் தொண்டை புண் இல்லை என்று தெரிந்துவிடும்; தெரிந்தால் ஜேபஸ் என்னிடம் சொன்னது தெரிந்துவிடும்; வீடு போய்விடும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? லெட்டி திரும்பி, "நல்லா இருக்கேனா பெரியம்மா?" என்று கேட்டாள். அப்பன் இல்லாத பிள்ளை. "ராஜாத்தி மாதிரி இருக்கே," என்றேன்.

கெசையாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரோடா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து, முன்வரிசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். "அதோ அக்கா, மூணாவது! பார்த்தியா, அசையாம எவ்வளவு அழகா நிக்குறா!" கீழேயிருந்து பார்த்தால் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள். வெள்ளை உடுப்பு, நீல நாடா, நெற்றியை மறைக்கும் பூத்தொப்பி. என் புருஷன் எதிர்ப்பக்க வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டு, அந்த மூன்றாவது பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியாது. அவர் கிளம்பின பிறகு நான் செய்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் கெசையாவைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் அது என் புத்தியில் ஏறவே இல்லை.

பாண்டு வாத்தியம் முழங்கியது. வண்டி வந்தது. இளவரசி எப்படி இருந்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு குடை தெரிந்தது, அவ்வளவுதான். வண்டி வளைவுக்கு நேர் கீழே நின்றது. மேலே பெண்கள் பாடத் தொடங்கினார்கள். லாம்பர்ட் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுத்தார்.

அப்போது எதிர்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட நாற்பது குழிக்காரர்களும் ஒரே நேரத்தில் முகத்தைத் தூக்கினார்கள். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டுவிட்டது. கூரை பேசினால் அவர்கள் ஓடுவார்கள். அது அவர்கள் ரத்தத்தில் ஊறினது. ஆனால் மேஸ்திரி ஓபேத் எதிரே நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தான். ஒருவனும் நகரவில்லை. ஜேபஸ் மட்டும் நகர்ந்தார். கொடித்துணியை விலக்கி அந்த முட்டு மரத்தை உருவி எடுத்துக்கொண்டு வளைவுக்குக் கீழே ஓடினார்.

லாம்பர்ட் கையைத் தூக்கிவிட்டார். "யாரும் அசையாதீங்க!"

ஊரே கல்லாகிவிட்டது. ஜேபசைத் தடுக்கக் காலெடுத்த போலீஸ்காரர்கூட எடுத்த காலைக் கீழே வைத்து அப்படியே நின்றுவிட்டார். தெற்குக் காலை ஒட்டி உத்தரத்தின் கீழே முட்டு மரத்தை நிறுத்திய ஜேபசுக்கு ஆப்பு அடிக்க நேரமில்லை. தோளையே அண்டை கொடுத்து நின்றார். அவர் தலைக்கு மேலே அத்தனை கரியும்.

நான் கத்தினேன். "கெசையா வீட்ல இருக்காய்யா! வெளிய வா! அவ வீட்ல இருக்கா!" ஓயாத பாண்டு வாத்தியம் என் குரலை விழுங்கிவிட்டது. நான் என்ன கத்தினேன் என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். மேலே ரோடாவின் பெண் நிற்கிறாள். ரோடா என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் என் புருஷனை வெளியே வா என்று கூப்பிடுகிறேன். எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

"என்ன அக்கா கத்துறே? படம் எடுக்கறாங்க, பேசாம இரு," என்று ரோடா உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

ஜேபஸ் அண்ணாந்து பார்த்தார். இரண்டு, மூன்று என்று என் பக்கத்தில் யாரோ எண்ணுவது கேட்டது. பத்து. லாம்பர்ட் பெட்டிக்கு மூடியைப் போட்டார். வண்டி கிளம்பியது. வண்டியின் பின்சக்கரம் வளைவைத் தாண்டினதும் ஜேபஸ் குழிக்குள் கத்துகிற குரலில் கத்தினார்: "எறக்குங்க! பொண்ணுங்களை எறக்குங்க!" இந்தத் தடவை மேஸ்திரி முறைத்தும் பயனில்லை. நாற்பது பேரும் பின்பக்க ஏணிக்குப் பாய்ந்தார்கள். பிள்ளைகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். கடைசியாக இறங்கினது லெட்டி. அவள் கால் தரையில் பட்டது. ஜேபஸ் தோளை விலக்கிக்கொண்டு ஓடினார். ஒரு அடி தாமதம். தெற்குக் கால் அப்படியே உட்கார்ந்தது. ஒரு கரிப் பாளம் அவருடைய இடது பாதத்தை நசுக்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் குழிக்குள் இறங்கவில்லை. நல்லவேளை, வீட்டை விட்டுத் துரத்தவில்லை. முதல் இரண்டு வாரம் மேஸ்திரி, "அவன் போய் எதையோ நோண்டினான், அதான் விழுந்துச்சு," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு படம் கடை ஜன்னலுக்கு வந்தது. அசைந்தவர்களெல்லாம் புகையாகக் கலைந்திருக்க, உத்தரத்துக்குக் கீழே மரத்தோடு தோளைச் சேர்த்து நிற்கிற ஒருவர் மட்டும் மயிரிழைகூடத் தெரியும்படி பதிந்திருந்தார். பார்த்த குழிக்காரன் எவனுக்கும் அவர் என்ன செய்கிறார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி வாயை மூடிக்கொண்டான்.

ரோடா ஒரு படம் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜேபஸ் காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தார்.

"அண்ணே, பாருங்க! நீங்க மேல பார்த்துச் சிரிக்கறீங்க! தலைக்கு மேல எமன் நிக்குறான், எங்க லெட்டி பயந்துடக் கூடாதேன்னு சிரிச்சுக்கிட்டு நின்னுருக்கீங்களே!" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். சிரிக்கத்தான் சிரிக்கிறார். வாய் நிறைய, கண் நிறைய. பயந்தாங்கொள்ளி மனிதர், கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. ஜேபஸ் படத்தைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரோடா போன பிறகு என்னிடம் சொன்னார்.

"கெசையான்னு நெனச்சுத்தான் ஓடினேன். அண்ணாந்து பார்த்தா நம்ம பொண்ணு இல்ல. சிரிப்பு வந்துடுச்சு ஃபீனா. அடக்க முடியல. ஆண்டவரே, நன்றின்னு சொன்னேன். வேற ஒருத்தி பொண்ணு மேல நிக்குறா, நான் நன்றி சொல்றேன்."

"பயத்துல வந்ததுய்யா. விட்டுடு. அதுக்கப்புறமும் நீ நின்னியே. ஓடி வந்திருக்கலாம் இல்ல?"

"ஓடத்தான் காலு துடிச்சுது." சுவரைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். "அவளைப் பார்த்துச் சிரிச்சுத் தொலைச்சுட்டேனே. அதுக்கப்புறம் எப்படி விட்டுட்டு ஓடுறது?"

பதினெட்டு வருஷம் என் பட்டறையில் உட்கார்ந்து துருத்தி ஊதினார். போன மாரிக்காலத்தில் நெஞ்சுச் சளியில் போனார். உலைக்கு மேலே ரோடா அந்தப் படத்தை மாட்டியிருந்தாள். அத்தனை வருஷமும் அவர் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். நான் எதிரே நின்று ஆணி அடித்தேன். தினம் தினம் ரோடா ஒரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அன்றைக்கு உன் பெண்ணுக்கு நிஜமாகவே தொண்டை புண்ணா என்று அவள் கேட்டதே இல்லை. வருஷா வருஷம் மே மாதம் ஒரு கேக் செய்து கொண்டுவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதைத் தின்றோம்.

சாவு முடிந்து எட்டாம் நாள் லெட்டி வந்தாள். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள்; கையில் நாலு மாசக் குழந்தை. ரோடா வெளியே போயிருந்தாள். லெட்டி உலைப் பக்கம் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அன்னிக்கு மேலேருந்து நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஓடி வர்றப்போ அழற மாதிரி இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் சிரிச்சாரு."

நான் சுத்தியலை அடிகல்லில் வைத்தேன்.

"பத்து வயசுல அது எனக்குப் புரியல. இவன் பொறந்தப்புறம் புரிஞ்சுது," என்றாள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே. "அம்மாகிட்டச் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு அந்தச் சிரிப்பு வேணும்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பதினொரு பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். லெட்டி எனக்காகக் காத்திருக்கவில்லை. "குழாயில தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன், இவனைக் கொஞ்சம் வெச்சுக்கங்க," என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து, அவள் திரும்பி வருகிறவரை அசையாமல் நின்றேன்.